நாய்த் தீனிக்கு ஒரு தாளிப்பு

ஜமுனாமரத்தூர் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் நான் ஒரு மெஸ் நடத்துகிறேன். மலையேறி வருகிற டிரைவர், தாலுகா ஆபீசுக்கு மனு கொடுக்க வந்தவர், சந்தைக்கு மூட்டையோடு வந்தவர், யார் உட்கார்ந்தாலும் இலையை வழித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். அந்தத் திமிரில் இருந்த என்னை ஒரு நாய் வந்து கவிழ்த்தது.

நாய் என் மகளுடையது. பெங்களூரில் வேலைக்குப் போன புதிதில் வளர்க்க ஆரம்பித்தாள். பிரசவத்துக்காக வேலூரில் ஆஸ்பத்திரி பக்கமாக வீடு பிடித்துத் தங்கினாள், துணைக்கு என் மனைவியும் போனாள். வீட்டுக்காரர் நாய் கூடாது என்றுவிட்டார். ஆகவே கன்றுக்குட்டி சைசில் பழுப்பு நிறத்தில் இருந்த அந்தப் பிராணி, ஒரு மூட்டை காய்ந்த உருண்டைத் தீனியோடு, காரில் மலையேறி என்னிடம் வந்து சேர்ந்தது. இறக்கிவிட்ட மருமகன், "ரெண்டு டம்ளர் அளந்து போட்டா போதும் மாமா, வேற வேலையே இல்ல" என்றார். பொய் சொல்லத் தெரியாத மனிதர் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

நாய் தின்னவில்லை. உருண்டைகளை முகரும், என்னை ஏற இறங்கப் பார்க்கும், பந்தியில் இடம் கிடைக்காத சம்பந்தி மாதிரி வாசலில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

மகள் போன் செய்தாள். "சாப்பிட்டுச்சாப்பா?"

"முகர்ந்து பார்த்துச்சும்மா."

"அது சாப்பிடாம எனக்கும் எறங்க மாட்டேங்குதுப்பா."

பின்னாலிருந்து மனைவியின் குரல் வந்தது. "காலைல வெச்ச இட்லி அப்படியே கீதுங்க. அந்த நாய எப்டியாவது துன்ன வெய்ங்க."

இது எனக்குப் புரிந்த விதம்: வயிற்றில் பிள்ளையோடு இருப்பவள் பட்டினி, அதற்குக் காரணம் நாய், நாய்க்குக் காரணம் நான். ஊருக்கே சோறு போடுகிறவனின் மகள் பட்டினி கிடக்கிறாள். சாம்பாருக்கு உப்புப் போட்டேனா என்று மூன்று தடவை ருசி பார்த்தேன். அன்றைக்குச் சாம்பார் மூன்று தடவையும் கசந்தது.

தீனியின் மேல் ஏதாவது தூவினால் தின்னும் என்று மகளே வழி சொன்னாள். வேகவைத்த பரங்கிக்காய், நறுக்கிய கேரட், அவித்த முட்டை, புளிக்காத தயிர், எலும்பில்லாத கோழிக்கறி. எல்லாம் கொஞ்சம்தான், ஒரு நேரத்துக்கு ஒன்று. உப்பும் காரமும் ஆகாது. அதற்குள் கல்லாவில் ஆள் நின்றதால், "தெரியும்மா, தெரியும்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன். எனக்குத் தெரியாத சமையலா.

தயிர் ஊற்றினேன். தயிரை மட்டும் நக்கிவிட்டு உருண்டைகளைக் கழுவி வைத்தாற்போல் விட்டது. முட்டையை உதிர்த்துப் போட்டேன், முட்டையை மட்டும் பொறுக்கியது. கேரட்டை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வரிசையாக வைத்தது. எனக்குச் சொல்லிக் காட்டுகிறது என்றே எடுத்துக்கொண்டேன்.

கடைசியில் பரங்கிக்காயை மசித்து உருண்டைகளோடு பிசைந்தேன். பார்க்க ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரி இருந்தது. இதை எந்த ஜீவன் தின்னும்? அடுப்பில் தாளிப்புக் கரண்டி காய்ந்துகொண்டிருந்தது. என் கை அதுவாகப் போனது. தாளிக்காமல் ஒரு பண்டத்தை என் சமையலறையிலிருந்து வெளியே விட்டதில்லை. கடுகு, கறிவேப்பிலை, நறுக்கிய சின்ன வெங்காயம் கொஞ்சம். உப்பு இல்லை, மிளகாய் இல்லை, பத்தியம் தவறவில்லை. சொய்ங் என்று கொட்டினேன்.

நாய் எழுந்து ஓடி வந்தது. கிண்ணத்தை நக்கி நக்கித் தரையோடு தேய்த்துக்கொண்டே போய்ச் சுவரில் முட்டித்தான் நிறுத்தியது.

ஜெயித்த தெம்பில், தின்பதற்கு முன் எடுத்த போட்டோவை மகளுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள்.

"அந்தக் கறுப்பா இருக்கறது என்னப்பா?"

"கடுகும்மா."

"பக்கத்துல?"

"கறிவேப்பிலை."

"அதுக்கும் பக்கத்துல?"

கொஞ்சம் நிதானித்துத்தான் சொன்னேன். "சின்ன வெங்காயம்."

"வெங்காயம் நாய்க்கு வெஷம்ப்பா" என்றாள். அழுகிறாள் என்று தெரிந்தது. போனை மனைவி வாங்கினாள். "இன்னாங்க செஞ்சி வெச்சீங்க" என்றவள், பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டாள்.

அடுப்பை அணைத்தேன். அணைத்த அடுப்பை மறுபடி அணைத்தேன். நாயைப் பார்த்து, "ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாது" என்றேன். அது ஏப்பம் விட்டது.

கால்நடை டாக்டர் எங்கோ ஒரு மலைக்கிராமத்தில் மாடுகளுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார். சிக்னல் வந்து வந்து போனது. ஒரு வழியாகக் கிடைத்தபோது, "எவ்ளோ வெங்காயம்? நாய் எத்தன கிலோ?" என்று கேட்டார். வெங்காயம் தெரியும். நாயின் எடைக்கு எங்கே போவேன்?

எதிரே சாமை மண்டி வைத்திருக்கும் நண்பரிடம் நாயை இழுத்துக்கொண்டு போனேன். மூட்டை நிறுக்கிற தராசில் அது நிற்க மறுத்தது.

"நீ தூக்கிக்கினு ஏறு நைனா. அப்புறம் உன்னத் தனியா நிறுத்துக் கழிச்சிக்கலாம்" என்றார் நண்பர். தூக்கிக்கொண்டு ஏறினேன். முள்ளைப் பார்த்துவிட்டு, சாமை மூட்டைக்குக் கேட்கிற மாதிரியே, "ஈரத்துக்கு இன்னா கழிக்கட்டும்?" என்றார். அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததற்காகப் பயமும் வந்தது.

எடையைச் சொன்னதும் டாக்டர் பதறவில்லை. "இவ்ளோ பெரிய நாய்க்கு அந்தக் கொஞ்சூண்டு ஒண்ணும் பண்ணாதுங்க. இனிமே வெங்காயம், பூண்டு கிட்டயே காட்டாதீங்க. கொஞ்ச நாளைக்கு ஈறு வெளுக்குதா, மூத்திரம் செவப்பா போவுதா, சோந்து படுக்குதான்னு பாத்துக்கினே இருங்க. எதுனா இருந்தா உடனே கூட்டியாங்க." மகளிடம் அப்படியே ஒப்பித்தேன். "உன்ன நம்பலாமாப்பா?" என்று கேட்டாள்.

அதன் பிறகு அந்த நாய் காலைத் தூக்கும் இடமெல்லாம் நான் குனிந்தேன். மின்கம்பம், ஜீப் டயர், தாலுகா ஆபீஸ் காம்பவுண்டு, எதையும் விடவில்லை. வாடிக்கையாளர்கள் பார்க்க, அதன் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தேன்.

"இன்னா நைனா, நாய்க்குப் பல்லு வெளக்கி வுட்றியா?" என்றார் மண்டிக்காரர்.

"அப்படியே எதிர்க்கடைல இருக்கறவங்களுக்கும் வெளக்கலாம்னு பாக்குறேன்."

ஈறு ரோஜா நிறத்தில்தான் இருந்தது, வயிறு மட்டும் மறுபடி காலி. தாளிக்காத பரங்கிக்காயை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஒரு நாள் மதியம், பஸ் வந்து கூட்டம் இறங்குகிற நேரம். மனைவி கூப்பிட்டாள். "வலி வந்துட்சிங்க. உள்ள இட்டுக்கினு போறாங்க. அது துன்னுச்சானு கேக்குறா, இன்னா சொல்ல?"

கிண்ணம் நிறைந்து கிடந்தது. வேலூர் கண்ணுக்கெட்டாத தூரம். நான் போய் அங்கே செய்யவும் ஒன்றுமில்லை, இங்கே செய்யவும் ஒன்றுமில்லை. பொய் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன், வரவில்லை. உள்ளே நான்கு பேர் இலை போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, பழக்க தோஷத்தில், சாம்பாருக்குத் தாளித்தேன். கடுகு வெடித்தது.

பின்னால் கறுமுறு என்று சத்தம் கேட்டது.

நாய் தலையைச் சாம்பார் பக்கம் திருப்பி, மூக்கை விடைத்து, வாசனையைப் பிடித்துக்கொண்டே தன் கிண்ணத்திலிருந்த உருண்டையையும் பரங்கிக்காயையும் தின்றுகொண்டிருந்தது. எனக்கு அசையப் பயம். வாசனை போய்விட்டால் நிறுத்திவிடுமோ என்று, சாம்பார் முடிந்தும் இன்னொரு கரண்டி எண்ணெய் வைத்தேன்.

"இன்னாங்க, இருக்கீங்களா?"

"அவ காதுல போன வை" என்றேன். குத்தவைத்து உட்கார்ந்து போனைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் பிடித்தேன்.

கறுமுறு, கறுமுறு. அந்தப் பக்கம் மூச்சு வாங்குகிற சத்தம். "நல்லா மெல்லுதுப்பா" என்றாள் மகள். பிறகு யாரோ போனை வாங்கி வைத்துவிட்டார்கள்.

"சாம்பார் வருமா வராதா?" என்று உள்ளேயிருந்து கேட்டார்கள். அணைந்த போனைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன்.