வாடகைப் பெறுமதியும் இரண்டாவது குளியல் தொட்டியும்

பிரெஞ்சுப் புறநகரான பொண்டியில் நாங்கள் வீடு வாங்கிய வருடம் சொத்துவரிக் கடிதம் பழைய சொந்தக்காரருக்கே போயிற்று. ஜனவரி முதலாம் திகதி வீடு யார் பெயரில் இருக்கிறதோ, அந்த வருடத்துக்கு அவர்தான் பொறுப்பாம். எங்களுக்கான முதல் கடிதம் அடுத்த செப்டெம்பரில் வந்தது. ஊரில் சோலைவரி என்போமே, அதுதான். இங்கே தக்ஸ் ஃபொன்சியேர்.

என் கணவர் உணவகச் சமையலறையில் வேலை செய்கிறவர். பிரெஞ்சு நன்றாகப் பேசுவார். வாசிக்கும்போது மட்டும் தெரிந்த சொல்லைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவார். அன்று அவர் பிடித்தது ‘வாடகைப் பெறுமதி’ என்ற சொல்லை.

“இஞ்சை பாரும், நாங்கள் வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறமெண்டு ஆரோ எழுதிக் குடுத்திட்டினம்.”

“என்ன கதைக்கிறியள்? தம்பி ஒரு மாசம் நிண்டவன். அவனிட்ட ஒரு சதமும் வாங்கேல்லையே.”

கோடையில் என் தம்பி மேலறையில் தங்கியிருந்தான். அவன் பெட்டியோடு வந்ததையும் போனதையும் வேலிக்கு மேலால் பார்த்தவர் ஒருவர்தான்: பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் வயதான பிரெஞ்சுப் பெண்மணி. எழுதிக் கொடுத்தது அவர்தான் என்று பத்து நிமிடத்தில் தீர்ப்பு எழுதிவிட்டோம். மறுநாள் காலை அவர் “போன்ஜூர்” சொன்னபோது, கைப்பைக்குள் எதையோ தேடுகிறவள்போலக் கடந்துபோனேன். ஒரு கிழமை அப்படியே தேடினேன்.

எனக்கு ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் ஒரு பலசரக்குக் கடையில் வேலை. கடை முதலாளிக்குச் சென் தெனியில் சொந்த வீடு இருப்பதால் கடிதத்தை அவரிடம் காட்டினேன்.

“எனக்கும் இப்பிடித்தான் வாறது, தங்கச்சி. பேசாமல் கட்டிப்போட்டு இருங்கோ. விளங்கினால் இன்னும் கவலை.”

“விளங்காமல் கட்ட மனம் வரேல்லை, அண்ணை.”

ஒரு நாள் லீவு போட்டு வரி அலுவலகத்துக்குப் போனேன். மேசைக்குப் பின்னால் ஓர் இளம் பெண். நான் உட்காருமுன்னே, “நாங்கள் வீட்டை யாருக்கும் வாடகைக்கு விடவில்லை,” என்றேன்.

“விட்டீர்கள் என்று யாரும் சொல்லவில்லை, மேடம். விட்டால் எவ்வளவு வரக்கூடும் என்று எல்லா வீட்டுக்கும் நாங்களே ஒரு மதிப்பு வைத்திருக்கிறோம். அதில் பாதியை எடுத்து, உள்ளூராட்சி தீர்மானிக்கும் வீதத்தால் பெருக்குவோம். குப்பை வரி தனி.”

வேலிக்கு மேலால் தெரியும் அந்த முகம்தான் நினைவில் வந்தது.

வந்ததுதான் வந்தோம் என்று, அந்த மதிப்பை எப்படிப் போட்டார்கள் என்று கேட்டேன். அவர் ஒரு தாளை அச்செடுத்துத் தந்தார். எங்கள் வீட்டின் சாதகமே அதில் இருந்தது: அறைகள், கழிப்பறை, கைகழுவும் தொட்டி எல்லாம். ஒரு குளியல் தொட்டியை ஐந்து சதுர மீட்டர் இடமாகக் கணக்கில் சேர்ப்பார்களாம். எங்களுக்கு இரண்டு தொட்டி என்று போட்டிருந்தது.

“ஒன்றுதான் இருக்கிறது.”

“நிச்சயமாகவா?”

“அதைத் தேய்த்துக் கழுவுகிறவள் நான்தான்.”

அவர் சிரித்துவிட்டார். திருத்தம் கேட்கும் படிவத்தை எடுத்துத் தந்து, மற்றத் தொட்டி எப்போது அகற்றப்பட்டது என்று தெரிந்தால் எழுதும்படி சொன்னார்.

அதைச் சொல்லக்கூடியவரும் நெடுங்காலமாக அங்கேயே இருக்கும் பக்கத்து வீட்டுக்காரிதான். மாலையில் நான்கு மாம்பழங்களோடு போய் மணி அடித்தேன். வாசலிலேயே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்: சந்தேகப்பட்டதை, முகம் கொடுக்காமல் போனதை, எல்லாவற்றையும்.

“உங்கள் வீட்டில் யாருக்கோ சுகமில்லை என்றல்லவா நினைத்தேன்,” என்றார். கோபித்திருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

பிறகு உள்ளே கூப்பிட்டுக் கோப்பி தந்தார். “இரண்டாவது தொட்டியா? நிலவறையில் இருந்தது. பழைய சொந்தக்காரர் அதில் நாயைக் குளிப்பாட்டுவார். நாய் செத்த வருடம் உடைத்து வெளியே போட்டார்.” அதை அப்படியே தன் கையால் எழுதிக் கையெழுத்தும் போட்டார். நாயின் பெயரைக்கூட விடவில்லை.

குளிர்காலம் முடியும் முன் திருத்தம் வந்தது. குறைந்த தொகை பெரிதல்ல. ஆனாலும் என் கணவர் அந்தக் கடிதத்தை இரண்டு தரம், ஒரு சொல்லும் விடாமல் வாசித்தார்.

அதைக் கேள்விப்பட்ட பக்கத்து வீட்டுக்காரி தன்னுடைய தாளையும் பார்க்க ஆசைப்பட்டார். நாற்பது வருடமாகக் கேள்வி கேட்காமலே கட்டி வந்தவர். இருவருமாக அலுவலகத்துக்குப் போய் அதை எடுத்துவந்து, அவருடைய சமையலறையில் விரித்து ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தோம். எல்லாம் சரியாகவே இருந்தது. அவருக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்.