பச்சைப் பெட்டி, சிவப்புப் பெட்டி

கூடத்திலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. ஸ்க்ரூ பலகைக்குள் இறங்கும்போது மெஷின் எழுப்பும் விர்ர் என்ற சத்தம். பாதியில் நின்றது. இரண்டு மூச்சு விடும் நேரம் ஒன்றுமில்லை. மறுபடி விர்ர். மறுபடி நின்றது.

சமையலறையில் ரச சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்த பெருமாளின் கையும் நின்றது.

ஒன்றரை அங்குல ஸ்க்ரூ பிளைவுட்டில் இறங்க இரண்டு விநாடி போதும். கூடத்தில் இருக்கும் சர்தார் பாஷாவோ முப்பது வருஷமாக ஸ்க்ரூ முடுக்குகிறவர். அவர் ஒரு ஸ்க்ரூவை மூன்று தவணையில் இறக்குகிறார் என்றால், கோளாறு மெஷினில் இல்லை. பெருமாளுக்கு அது தட்டின் முன்னால் உட்கார்ந்தபடியே தெரிந்துபோயிற்று.

"பாய் ஆரம்பிச்சிட்டாரா? ஒரு வாய் சாப்பிடச் சொன்னா, தொழுகை முடிச்சு வூட்லயே சாப்ட்டு வந்துட்டேன்னு அந்தப் பொட்டிய தொறந்துட்டாரு" என்றாள் அவர் மனைவி விஜயகுமாரி. பெருமாள் மூன்றாவது ஸ்க்ரூவின் சத்தம் எங்கே அறுந்துபோகிறது என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

சர்தார் பாஷாவும் பெருமாளும் பத்தொன்பது வருஷமாக ஒரு ஜோடி. ஆம்பூர் கஸ்பாவிலிருந்து வாணியம்பாடி வரைக்கும் எந்த வீட்டு அலமாரியைத் திறந்தாலும் அவர்கள் கை அதில் இருக்க வாய்ப்புண்டு. ராணிப்பேட்டையில் ஒரு கட்டட வேலையில்தான் முதன்முதலில் பார்த்துக்கொண்டார்கள். நான்கடி அகலம்கூட இல்லாத ஒரு சமையலறையில் இரண்டு தச்சர்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்று வேலை செய்ய வேண்டியிருந்தது. மற்ற யாரை நிறுத்தினாலும் முழங்கை முழங்கையில் இடிக்கும். இவர்கள் இருவர் மட்டும் இடிக்கவில்லை. சர்தார் பாஷாவுக்கு வலது கை. பெருமாளுக்கு இடது கை.

அந்த இடது கைக்காகப் பெருமாள் பட்டது கொஞ்சமில்லை. பள்ளிக்கூடத்தில் விரல் முட்டியில் ஸ்கேல் விழுந்தது. தொழில் கற்கப் போன இடத்தில், இடக்கைக்காரன் அடித்த கதவு நிலைக்காது என்று உளியைப் பிடுங்கிவைத்தார்கள். பெற்ற தாயே, சாப்பாட்டுக்கு மட்டும் அந்தக் கையைக் கொண்டுவராதே என்று கண்ணீர் விட்டாள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர் பணிந்து போனார். மற்றதெல்லாம் இடது கைதான். அந்தக் கையை ஒரு குறை என்று சொல்லாமல், "சபாஷ், இந்தப் பக்கம் நீ, அந்தப் பக்கம் நான்" என்று சிரித்த முதல் மனிதர் சர்தார் பாஷா.

அன்று தானாக ஏற்பட்ட பங்கீடு இன்றுவரை மாறவில்லை. அறுப்பது பெருமாள். முடுக்குவது சர்தார் பாஷா. கரண்ட்டில் ஓடும் பழைய கட்டிங் மெஷினில் பிளேடு வலப்பக்கம் இருக்கும். இடது கையால் பிடிக்கிறவனுக்குப் பென்சில் கோடு கண்ணுக்கு நேராகத் தெரியும். பெருமாள் அறுத்த பலகையில் மைக்கா ஓரம் ஒரு பொட்டு தெறிக்காது. இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. யார் அறுக்கிறாரோ அவர்தான் மேஸ்திரி. கஸ்டமர் வந்தால் அறுக்கிறவரிடம்தான் பேசுவார். அதனால் பத்தொன்பது வருஷமாகப் பெருமாள் மேஸ்திரி, சர்தார் பாஷா வெறும் பாய். அதைப் பற்றி இருவருக்குள்ளும் ஒருநாளும் பேச்சு வந்ததில்லை.

இப்போது மின்னூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. ஷூ தைப்பதற்கு உள்ளே வைக்கும் கால் அச்சுகளை அடுக்கிவைக்க நாற்பது ரேக். கம்பெனி ஓடும் நாளில் உள்ளே தூசி கிளப்பக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வேலை. ஞாயிற்றுக்கிழமையோ மெயின் கரண்ட்டை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியன்கள் லைனைப் பார்ப்பார்கள். ஆகவே பேட்டரி மெஷின் வாங்கியே தீரவேண்டும். வீட்டில் சார்ஜ் ஏற்றிய ஆறு பேட்டரியோடு உள்ளே போய், அதிலேயே அன்றைய வேலையை முடித்துவிட்டு வெளியே வரவேண்டும். ஒன்று தீர்ந்தால் இன்னொன்றை எடுத்து எந்த மெஷினிலும் மாட்ட வேண்டும். எழுதியிருக்கும் வோல்ட் ஒன்றாக இருந்தாலும், ஒரு கம்பெனி பேட்டரி இன்னொரு கம்பெனி மெஷினில் உட்காராது. எனவே எல்லா மெஷினும் ஒரே கம்பெனியாக இருக்கவேண்டும்.

ஹார்டுவேர் கடை மக்பூல் அகமது இரண்டு பெட்டிகளை எடுத்துப் போட்டார். பச்சைக் கலர் ஒரு கம்பெனி, சிவப்புக் கலர் இன்னொரு கம்பெனி; இரண்டிலும் ஒரு கட்டிங் மெஷின், ஒரு ஸ்க்ரூ மெஷின். வீட்டில் ஓட்டிப் பாருங்கள், சாயங்காலம் மக்ரிப் தொழுகைக்குள் ஒரு பெட்டி திரும்பி வரவேண்டும், இன்னொன்றுக்குப் பில் போடுகிறேன் என்று சொல்லி அனுப்பினார்.

சிவப்பில் கட்டிங் மெஷினுக்கு பிளேடு வலப்பக்கம். பெருமாளுக்கென்றே செய்த மாதிரி. ஆனால் அதோடு வரும் ஸ்க்ரூ மெஷின் கனம் ஜாஸ்தி. ஸ்க்ரூ கடைசிச் சுற்றில் இறுகும்போது பிடித்திருக்கும் மணிக்கட்டைச் சேர்த்துத் திருகும். பச்சையில் ஸ்க்ரூ மெஷின் கையடக்கம். தட்டித் தட்டி இறக்கும், கையை உதறாது. ஆனால் அதன் கட்டிங் மெஷினில் பிளேடு இடப்பக்கம். வலக்கைக்காரனுக்கு வசதி. இடக்கைக்காரன் பிடித்தால் கோட்டை மோட்டார் மறைத்துவிடும்.

சிவப்புதான் என்று காலையிலேயே கடையில் சொல்லிவிட்டார் சர்தார் பாஷா. பெருமாளுக்கு உள்ளுக்குள் எத்தனை சந்தோஷம் என்பதை அவர் முகம் மறைத்தது. இப்போது ரச சாதத்தின் முன்னால் அந்தச் சந்தோஷம் வடிந்துகொண்டிருந்தது.

கை கழுவிவிட்டுக் கூடத்துக்கு வந்தார். வெள்ளைத் தொப்பியைக் கழற்றாமல், அத்தர் மணக்க, பலகையின் முன்னால் குந்தியிருந்தார் சர்தார் பாஷா. சிவப்பு மெஷின் மடியில் இருந்தது. வலது கையை இடது அக்குளுக்குள் இறுக்கிவைத்திருந்தவர், பெருமாளைப் பார்த்ததும் வெளியே எடுத்தார்.

மெஷின் எப்படி என்று கேட்டதற்கு, குதிரை மாதிரி இருக்கிறது என்றார். சிவப்பையே முடித்துவிடலாம், பச்சையைக் கட்டிவை என்றார்.

பெருமாள் ஸ்க்ரூ டப்பாவிலிருந்து பத்தை எண்ணிப் பலகைமேல் வரிசையாக வைத்தார்.

"பாய், இந்தப் பத்தையும் ஒரே மூச்சுல இறக்கு. இறங்கிட்டா சிவப்பு."

"இன்னா, எனக்கு பரிச்ச வைக்கிறியா?"

"ஞாயித்துக்கிழமை ஆயிரத்துக்கு மேல இறக்கணும். பத்து இறக்கிக் காட்றதுக்கு இன்னா பேஜார் உனக்கு?"

சர்தார் பாஷா அவரை ஒருமுறை பார்த்துவிட்டு மெஷினை எடுத்தார். ஐந்து இறங்கியது. ஆறாவது, பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கியது. ஏழாவது ஸ்க்ரூ தலை பலகையில் பதியும் நேரத்தில் மெஷின் ஒரு திருகு திருகியது. கை விட்டுவிட்டது. மெஷின் சிமெண்டுத் தரையில் விழுந்து உருண்டது.

சத்தம் கேட்டு விஜயகுமாரி சமையலறை வாசலுக்கு வந்தாள்.

எட்டு மாசமாக இப்படி என்று ஒப்புக்கொண்டார் சர்தார் பாஷா. காலையில் எழுந்தால் மூன்று விரல் மரத்துப்போயிருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினார். நரம்பு மணிக்கட்டில் நசுங்குகிறது, முடுக்குகிற வேலையை நிறுத்து என்றார்கள். ராணிப்பேட்டையில் தங்கச்சி மகன் மஹபூப் பாஷா தன் பிளைவுட் குடோனில் நாற்காலி போட்டுத் தருகிறேன், வந்து உட்கார் என்று இரண்டு மாசமாகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறான். இதையெல்லாம் அவர் தரையைப் பார்த்தபடி, பக்கத்து வீட்டுக்காரன் கதை மாதிரி சொன்னார்.

எட்டு மாசமாக என்னிடம் சொல்லவில்லையே என்று பெருமாள் கேட்கவில்லை.  பச்சைப் பெட்டியைத் திறந்தார்.

அந்தக் கட்டிங் மெஷினைக் காலையில் கடையிலேயே இடது கையால் பிடித்துப் பார்த்திருந்தார். இப்போது இரண்டு முக்காலிமேல் ஒரு துண்டு பிளைவுட்டை வைத்து, கோடு கிழித்து, அறுத்தும் பார்த்தார். மோட்டாருக்கு அடியில் கோடு மறைந்துபோனது. எட்டிப் பார்த்தால் உடம்பு சாய்கிறது, சாய்ந்தால் மெஷின் சாய்கிறது. அறுத்து முடித்தபோது பலகை கோட்டைவிட்டு இரண்டு நூல், அதாவது கால் அங்குலம், விலகியிருந்தது. வேலைக்கு வந்த இத்தனை வருஷத்தில் அவர் அப்படி ஒரு பலகை அறுத்ததில்லை. சிறிது நேரம் அந்த ஓரத்தைத் தடவிப் பார்த்தார்.

பக்கத்திலேயே இன்னொரு கோடு கிழித்தார்.

"இப்ப நீ அறு."

மாட்டேன் என்றார் சர்தார் பாஷா. அது உன் வேலை என்றார். கை வலிக்கும் என்றுகூடச் சொல்லிப் பார்த்தார். இதில் திருகல் இல்லை, தள்ளுவது மட்டும்தான் என்று பெருமாள் மெஷினைக் கையில் கொடுத்தார். வேறு வழியில்லாமல் வாங்கினார். முதல் நான்கு அங்குலம் தடுமாறியது. அப்புறம் பிளேடு கோட்டைப் பிடித்துக்கொண்டது. கடைசிவரை விடவில்லை. துண்டு கீழே விழுந்தது.

விஜயகுமாரி குனிந்து எடுத்துப் பார்த்தாள். பத்து வருஷம் ஷூ கம்பெனியில் தோல் வெட்டுகிற பிரிவில் இருந்தவள். நேர்க்கோடு எது, கோணல் எது என்று அவள் கண்ணுக்குத் தெரியும்.

"பரவால்லண்ணா, நேராத்தான் போயிருக்கு" என்றாள்.

அவள் ஒன்றும் நினைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு வாக்கியம் பெருமாளின் நெஞ்சில் போய்த் தைத்தது. பத்தொன்பது வருஷமாக அந்த வீட்டில் அந்தச் சொல் அவர் ஒருவருடைய அறுப்புக்கு மட்டுமே உரியதாக இருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, கீழே கிடந்த சிவப்பு மெஷினை எடுத்து, தூசியைத் துடைத்து, அதன் பெட்டியில் வைத்தார். வைக்கும்போது கை ஒரு கணம் அதன்மேல் தங்கியது. பிறகு மூடியை அழுத்திப் பூட்டினார்.

"ஞாயித்துக்கிழமைலேருந்து கட்டிங் நீ பாத்துக்க பாய். ஃபிட்டிங் நான் எடுத்துக்கறேன்."

சர்தார் பாஷாவுக்குக் கோபம் வந்தது. இரக்கப்பட்டுக் கொடுக்கிற வேலை தனக்கு வேண்டாம் என்றார். குடோன் நாற்காலி அதைவிட மரியாதை என்றார். உருது பாதி தமிழ் பாதியாக இன்னும் என்னென்னவோ சொன்னார். பெருமாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கடைசியில்தான் சர்தார் பாஷா மனசில் இருந்தது வெளியே வந்தது.

"மேனேஜர் வந்து மேஸ்திரி யாருன்னு கேட்டா இன்னா சொல்வ?"

பெருமாள் தான் கோணலாக அறுத்த பலகையை எடுத்துச் சுவரோரம் சாய்த்துவைத்தார். 

"உன்னக் காட்டுவேன்."

"உன்னால முடியாதுடா."

"மொத தபா கஷ்டமா இருக்கும். அதுக்காக உன் கைய முறிச்சு நான் மேஸ்திரியா நிக்கணுமா? நீ ராணிப்பேட்டைக்குப் போய்ட்டா, சிவப்பு இருந்தும் பச்சை இருந்தும் எனக்கு எதுக்கு? என் வலது பக்கம் வேற யாரு வந்து நின்னாலும் இடிக்கும் பாய்."

சர்தார் பாஷா தொப்பியைக் கழற்றி, நெற்றியைத் துடைத்துக்கொண்டு, மறுபடி போட்டுக்கொண்டார். விஜயகுமாரி கொண்டுவந்த டீயை இடது கையால் வாங்கிக் குடித்தார்.  தம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கோடு கிழிப்பது நீயாக இருக்கவேண்டும், நீ கிழித்த கோட்டின்மேல் நான் போகிறேன், நானாக அளந்து அறுக்கமாட்டேன், சம்மதமா என்றார். பெருமாள் தலையசைத்தார்.

அதற்குமேல் அன்று அவர்கள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆறு பேட்டரியில் எதை எப்போது சார்ஜ் போடுவது, ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு மின்னூர் கேட்டில் நிற்பது என்று பேசினார்கள். பெருமாள் போன் போட்டு, பச்சைக்குப் பில் போடும்படி மக்பூல் அகமதுவிடம் சொன்னார். கடைக்காரர் ஏதோ திருப்பிக் கேட்டார். காலையில் சிவப்பு என்றீர்களே என்று கேட்டிருப்பார். மாற்றிக்கொண்டோம் என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தார்.

சர்தார் பாஷா எழுந்தார். சிவப்புப் பெட்டியைப் பெருமாளே வெளியே தூக்கிவந்து ஸ்கூட்டியின் முன்னால் வைத்துக் கயிறு போட்டுக் கட்டினார். "வர்றேன் தங்கச்சி" என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டு, சர்தார் பாஷா வண்டியை மெதுவாகத் திருப்பினார். தெரு முனையில் அசர் தொழுகைக்குப் போகிறவர்களுக்கு வழிவிட்டு நின்று, பிறகு பஜார் பக்கம் போனார். வண்டி கண்ணுக்கு மறையும்வரை பெருமாள் வாசலில் நின்றார். மறைந்த பிறகும் நின்றார். விஜயகுமாரி வந்து அவர் தோளைத் தொட்டு உள்ளே அழைத்துக்கொண்டு, கதவைச் சாத்தினாள்.