திங்கட்கிழமை நோன்பும் செவ்வாய்க்கிழமைச் சீனியும்

"செருப்பக் கழட்டுங்க உம்மா" என்றார் டொக்டர்.

சீனி வருத்தத்துக்கு மருந்து எடுக்கப் போன இடத்தில் செருப்பை ஏன் கழற்ற வேண்டும்? போன செவ்வாய்க்கிழமை, ஆஸ்பத்திரி கிளினிக்கில் நடந்த கதை இது. இடது காலை நீட்டினேன். "மற்றக் கால்" என்றார். விடமாட்டார் போலிருந்தது.

வலது காலில் சின்ன விரலுக்கு அடியில் ஒரு புண். கடற்கரையில் சிப்பி வெட்டியது என்று நினைக்கிறேன் — நினைக்கிறேன், அவ்வளவுதான். வெட்டியபோது தெரியவில்லை, நோகவுமில்லை. தொழுகைப் பாயில் கறையைக் கண்டு மகள்தான் கேட்டாள்: "உம்மா, இது என்ன ரெத்தம்?" மஞ்சள் பூசினேன். மூன்று கிழமையாகியும் ஆறவில்லை.

டொக்டர் புண்ணைப் பார்த்தார். மாதாமாதம் சீனி அளவை எழுதுகிற என் கிளினிக் கொப்பியைப் பார்த்தார். திரும்பவும் புண்ணைப் பார்த்தார்.

"கொப்பியில சீனி நல்லா இரிக்கி. கால் வேற கதை சொல்லுதே..."

அந்தக் கொப்பிதான் என் பெருமை. நான் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆனால் இலக்கம் வாசிக்க யாருடைய தயவும் வேண்டியதில்லை. மாதாமாதம் என் இலக்கம் அழகாக இருக்கும். வரிசையில் பக்கத்தில் இருக்கிற றாபியாவின் இலக்கம் எப்போதும் ஏறித்தான் நிற்கும். "வாயக் கட்டு கா" என்று அவளுக்குப் புத்தி சொல்லுவேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கிளினிக் செவ்வாய்க்கிழமை. திங்கட்கிழமை, விரும்பியவர் பிடிக்கிற சுன்னத்தான நோன்பு உண்டல்லவா? கிளினிக்குக்கு முந்திய திங்கள் நோன்பு பிடிப்பேன். சனி, ஞாயிறே சோற்றைக் குறைத்துவிடுவேன். நோன்பு திறக்க ஒரு பேரீச்சம்பழம், கொஞ்சம் கஞ்சி. விடிந்ததும் வெறும் வயிற்றோடு போய் இரத்தம் கொடுத்தால்... இலக்கம் அழகாக இராமல் எப்படி இருக்கும்?

மருந்து எடுத்து வந்த அன்று பகலே பீங்கான் நிறையச் சோறு. பின்னேரம் கருப்பட்டி கடித்துக்கொண்டு தேத்தண்ணி. சீனி இல்லையே, கருப்பட்டிதானே!

இது றாபியாவுக்கு மட்டும் தெரியும். "சீனி வருத்தம் உனக்கா, உன்ட கொப்பிக்கா?" என்பாள். பொறாமை என்று நினைத்தேன்.

டொக்டர் இன்னொரு இரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். மூன்று மாதச் சீனியையும் சேர்த்துக் காட்டுமாம். மூன்று மாதத்துக்கும் சேர்த்து யாரால் நோன்பு பிடிக்க முடியும்?

இந்தச் செவ்வாய் ரிப்போர்ட் வந்தது. டொக்டர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பேன்.

"கிளினிக்குக்கு முந்தி என்ன செய்றீங்க உம்மா?"

சொன்னேன். துணைக்கு வந்து பின்னால் நின்ற றாபியா இருமினாள்.

"இந்தக் கொப்பிய நம்பித்தான் நான் இவ்வளவு நாளும் மருந்துக் குளிசையக் கூட்டல்ல" என்றார். களைத்த குரல். "புண் ஆறாட்டி விரல எடுக்க வேண்டி வரும். நோன்பு பிடிக்க வேணாம் எண்டு சொல்லல்ல. எங்களிட்டச் சொல்லிப்போட்டுப் பிடிங்க. அதுக்கேத்த மாதிரி மருந்த மாத்தணும்."

வெளியே வந்து றாபியாவின் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"அழாத கா" என்றாள். "என்ட நம்பர் அசிங்கம்தான்... ஆனா அதுக்குச் சரியான மருந்து தாறாங்க."

இப்போது குளிசை கூடியிருக்கிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் புண்ணுக்கு மருந்து கட்டப் போகிறேன். சோறு ஒரு கோப்பை மட்டும். மீதி வயிற்றுக்குக் கீரையும் மீனும். கருப்பட்டிப் போத்தலை மகள் ஒளித்துவிட்டாள். சலிப்பாகத்தான் இருக்கிறது. இந்த வருத்தத்துக்குப் பெருநாள் லீவுகூடக் கிடையாது.

தொழுகைக்கு ஒழுச் செய்ய ஐந்து நேரமும் கால் கழுவுகிறவள் நான். ஒருநாளாவது பார்த்துக் கழுவினேனா? இப்போது நல்ல காலையும் குனிந்து, விரல் இடுக்கெல்லாம் பார்க்கிறேன். கண் மங்கல், அதனால் மகளையும் கூப்பிடுகிறேன்.

விரல் இன்னும் இருக்கிறது. புண் ஆறிவிடும் என்று டொக்டர் உறுதி சொல்லவில்லை. அடுத்த கிளினிக்குக்கு, ஏறியிருந்தாலும் உண்மையான இலக்கத்தோடுதான் போவேன். றாபியா சிரிக்கட்டும்.

அந்தத் திங்கட்கிழமை நோன்புகளா? கொப்பிக்காகப் பிடித்தவை — அவற்றின் கூலியைப் படைத்தவனிடம் அல்ல, கொப்பியிடமே கேட்டுக்கொள்கிறேன்.