நான் நிரப்பிய படிவம்

அண்ணனுக்குப் பிறவியிலேயே காது கேளாது. உடப்புக் கடற்கரையில் அதை யாரும் ஒரு குறையாக எடுத்ததில்லை. கரைவலை இழுக்கும்போது அலைச் சத்தத்தில் எவர் கத்தினாலும் கேட்காது; எல்லாரும் கையால்தான் கதைப்பார்கள். வலை வளைக்கும் வள்ளத்துக்குக் கரையில் நின்று கை காட்டுவதும், பிறகு மற்றவர்களோடு கயிறு இழுப்பதும் அண்ணனின் வேலை.

நாட்டில் நடந்த சண்டை முடிந்த பிறகு, வலது குறைந்தவர்களைப் பதிய வீடு வீடாக வந்தார்கள். "காது கேளாத ஆள் இருக்கா?" என்றார்கள். "ஓம்" என்றேன். படித்த திமிரில் படிவத்தையும் நானே நிரப்பினேன். அண்ணனின் படத்தோடு, 'மாற்றுத்திறனாளி' என்று அச்சிட்ட அட்டை வந்தது.

வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி அட்டையைப் பற்றிக் கேள்விப்பட்டு என்னிடம் வந்தார். "அரசாங்கமே எழுதிக் குடுத்திருக்கு. இனி அவனுக்கு ஏதும் நடந்தா என்னைத்தானே பிடிப்பாங்க?"

அதை அண்ணனிடம் சொல்ல எனக்குத் துணிவில்லை.

மறுநாள் அவன் வழக்கம்போலப் போய்க் கயிற்றைப் பிடித்தான். தூரத்தில் நின்ற சம்மாட்டி, இழுக்கிறவர்களைப் பார்த்துக் கையை அசைத்தார்: அவன் வேண்டாம், அனுப்பிவிடுங்கள்.

மற்றவர்கள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் அண்ணன் கயிற்றை விட்டுவிட்டான்.