ஒன்பதாம் எண் கதை

மீனாட்சிபுரத்தில் நடந்த ஒரு குறுங்கதைப் போட்டிக்கு நானும் நடுவர். இன்னொரு நடுவர் பால் சொசைட்டியில் பால் சோதிப்பவர். ஒல்லியான ஆள், தோளில் வெள்ளைத் துண்டு. ஒரு கதையைப் படித்து முடித்ததும் துண்டில் கையைத் துடைத்துவிட்டுத்தான் அடுத்த தாளைத் தொடுவார். ஒரு கேன் பால் இன்னொன்றில் பட்டுவிடக் கூடாது என்கிற தொழில் பழக்கம்.

எழுதியவர் யாரென்று தெரியாதிருக்கக் கதைகளைத் தட்டச்சு செய்து எண் போட்டிருந்தார்கள். ஒன்பதாம் எண்ணுக்கே முதல் பரிசு என்றேன் நான். கணவன் ஊரில் இல்லாத நாளில் ஒரு பெண் பசுவை விற்று, கயிற்றோடு வியாபாரியிடம் கொடுத்துவிடுகிறாள். அவ்வளவுதான் கதை.

"இது ஆகாதுங்க," என்றார். "மாட்டை வித்தாலும் கயித்தைக் குடுக்க மாட்டாங்க. குடுத்தா, இனி இந்த ஊட்ல மாடே வேண்டாம்னு அர்த்தமுங்க. எழுதுனவங்க மாடு வித்ததே இல்லீங்க."

"அப்படி நெனச்சே குடுத்திருந்தா?"

பேனாவின் மூடியைக் கழற்றினார். "அப்படியொரு பொம்பளை இருக்க மாட்டாளுங்க." பத்துக்கு மூன்று மதிப்பெண் போட்டார். அந்தக் கதை பரிசில்லாமல் போனது.

முடிவில் இருவரும் கையெழுத்திட்ட பிறகு பெயர்ப் பட்டியலைப் பிரித்தோம். ஒன்பதாம் எண்ணுக்கு நேரே இருந்த பெயரை நான்தான் படித்தேன்.

"எம்பட ஊட்டுக்காரிங்க," என்றார். மனைவியின் பெயரைக் கேட்டும் அவர் முகம் மாறவில்லை. மதிப்பெண்ணைத் திருத்தலாமா என்று கேட்டேன். வேண்டாமென்று தலையசைத்துவிட்டு, துண்டை எடுத்து நிதானமாகக் கையைத் துடைத்தார்.

"அந்தக் கயித்தைத்தானுங்க நான் ரண்டு வருசமாத் தேடிட்டிருக்கறேன்."