நடுவர் இல்லாத வளைவு

அன்று நடந்ததை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. விழுப்புரம் மைதானத்தில், மண்டல அளவிலான விளையாட்டுப் போட்டிகளின் இரண்டாம் நாள் காலையில், கல்லூரி மாணவிகளுக்கான ஐயாயிரம் மீட்டர் நடைப்போட்டி தொடங்கியது.

2. மூன்றாவது சுற்றிலிருந்து மரக்காணம் பக்கத்துக் கடலோர ஊர்ப் பெண் ஒருத்தி முதலில் போனாள். அவளுக்குப் பின்னால் நான்.

3. தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய வளைவில் நடுவர் யாரும் இல்லை. அங்கே நிற்க வேண்டியவரைக் கபடிக்கு அனுப்பிவிட்டார்கள்.

4. ஒவ்வொரு சுற்றிலும் அந்த வளைவில்தான் அவளுக்கும் எனக்கும் இடையில் தூரம் கூடியது.

5. அந்த வளைவில், கம்பிவேலிக்கு வெளியே, என் தோழி போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நிற்கச் சொன்னது நான்.

6. கடைசிக்கு முந்தைய சுற்றில் தலைமை நடுவர் அந்தப் பெண்ணுக்கு எதிரில் சிவப்புப் பலகையை நீட்டி அவளை வெளியேற்றினார்.

7. நான் முதலாவதாக வந்தேன்.

ஏழும் உண்மை. ஆனால் இந்த வரிசையில் படிக்கிற எவருக்கும் ஐந்தாவதால்தான் ஆறாவது நடந்தது என்று தோன்றும். அந்தப் பெண்ணுக்கும் அப்படித்தான் தோன்றியது. அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் நினைத்திருப்பேன்.

நடைப்போட்டியைப் பார்த்திராதவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். எந்த நேரத்திலும் ஒரு காலாவது தரையில் பட்டிருக்க வேண்டும். முன்னால் வைக்கும் கால், தரையைத் தொட்டதிலிருந்து உடம்புக்கு நேர்கீழே வரும்வரை முழங்காலில் மடங்கக் கூடாது. தவறுகிற மாதிரி இருந்தால் நடுவர் மஞ்சள் பலகை காட்டி எச்சரிப்பார். தவறியது உறுதி என்று பட்டால் சிவப்பு அட்டை எழுதித் தலைமை நடுவருக்கு அனுப்புவார். மூன்று நடுவர்கள் அப்படி எழுதினால் ஆட்டம் முடிந்தது. இதில் கேமராவுக்கு இடமில்லை. வெறும் கண்ணுக்குத் தெரிந்தால்தான் தவறு.

நான் படிப்பது கருவியியல் பொறியியல். ஓர் அழுத்தமானி காட்டுவதை இன்னொரு மானியோடு ஒப்பிடாமல் நம்பாதே என்பதுதான் முதல் பருவத்திலேயே எங்களுக்குச் சொல்லித்தரப்படுவது. அதைப் படித்துக்கொண்டே, வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கும் நாலு பேரின் பார்வையை நம்பி நடந்து வந்திருக்கிறேன்.

இந்த விளையாட்டில் எல்லோரும் எல்லோரையும் சந்தேகப்படுவார்கள். திண்டிவனத்தில் நான் பயிற்சி செய்வது புறவழிச்சாலையின் ஓரத்தில். அங்கே டீக்கடையில் நிற்பவர்களுக்கே என் மேல் சந்தேகம். "இன்னா பாப்பா, பஸ்ஸ வுட்டுட்டியா?" என்பார் ஒருவர். "ஜல்தியா போவணும்னா ஓட வேண்டியதுதான, எதுக்கு இப்பிடி இழுத்துக்கினு போற?" என்பார் இன்னொருவர். மைதானத்துக்குள் வந்தால் உடன் நடப்பவர்களின் சந்தேகம். முன்னால் போகிறவள் நம்மைவிட வேகமாகப் போகிறாள் என்றால் ஓடுகிறாள் என்றுதான் மனம் முதலில் சொல்லும். நன்றாக நடக்கிறாள் என்பது வெகுநேரம் கழித்துத்தான் தோன்றும். சில நாள் தோன்றவே தோன்றாது.

மண்டலத்திலிருந்து மாநிலப் போட்டிக்கு ஒருவர்தான் போக முடியும். எனக்கு இது கடைசி வருடம். கல்லூரியை விட்டு வெளியே வந்தால் பொதுப்பிரிவு. எங்கள் பக்கத்துப் பொதுப்பிரிவுப் போட்டிகளில் நடைப்போட்டியே வைப்பதில்லை. இந்த முறை முதலில் வராவிட்டால் நான் நடந்தது எல்லாம் புறவழிச்சாலையோடு முடிந்துவிடும். போன வருடம் இதே மைதானத்தில் இதே பெண்தான் என்னை முந்தினாள். அன்றும் அவள் தூக்கித்தான் நடந்தாள் என்று பேருந்தில் வீடு திரும்பும்வரை தோழியிடம் சொல்லிக்கொண்டே வந்தேன். தரையிலிருந்து இரண்டு காலும் எழும்புவதைத்தான் நாங்கள் தூக்குவது என்போம். என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை. அதனால்தான் இந்த வருடம் நடுவர்கள் அவரவர் இடத்துக்குப் போகும்போதே கவனித்தேன். தொட்டி வளைவு காலியாக இருந்தது. தூக்க நினைக்கிறவள் அங்கேதான் தூக்குவாள்.

"அங்க போய் நில்லு. காலு நல்லா தெரியற மாதிரி எடு. ஸ்லோமோஷன்ல," என்றேன்.

"நீ போய்க்கினே இரு, நான் பாத்துக்கறேன்," என்றாள் தோழி.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். முதல் வருடம் எனக்கு மஞ்சள் பலகை மேல் மஞ்சள் பலகையாக வந்தது. வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன், ஷூவை மாற்றினேன், குறையவில்லை. பிறகு ஒருநாள் பின்னலை மடித்துத் தலையோடு ஒட்டினாற்போல் கொண்டையாக்கிப் பின் குத்திக்கொண்டு போனேன். பலகை பாதியாகக் குறைந்தது. கால் அதே கால்தான். நடுவரின் கண் முதலில் தலைக்குப் போகிறது. தலையில் ஏதாவது குதித்தால் உடம்பே குதிக்கிறது என்று எடுத்துக்கொள்கிறது. இதை நான் கண்டுபிடித்தேன், யாரிடமும் சொல்லவில்லை. அந்தக் கடலோரப் பெண் அன்று தலைமுடியை உச்சியில் தூக்கிக் குதிரைவாலாகக் கட்டியிருந்தாள். நீளமான முடி. தொடக்கக் கோட்டில் அவளுக்குப் பக்கத்தில் நின்றபோது அதைப் பார்த்தேன். எதிராளியின் தலைமுடியைத் திருத்துவது என் வேலை இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

போட்டி நடந்த அத்தனை நேரமும் பக்கத்துக் கபடி மைக் அலறிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் முன்னால் போகிறவளின் ஷூ தரையில் படும் ஒலியைக்கூடப் பிரித்துக் கேட்க முடியவில்லை. கண்தான் ஒரே வழி. நேர்பாதைகளில் அவளோடு ஒட்டிப் போனேன். தொட்டி வளைவு வந்ததும் அவள் விலகினாள். அடுத்த சுற்றிலும் அதேதான். அதற்கடுத்த சுற்றிலும். வேறெங்கும் கூடாத தூரம் நடுவர் இல்லாத இடத்தில் மட்டும் எப்படிக் கூடும்? சந்தேகம் எனக்கு அங்கேயே தீர்ந்துவிட்டது. தூக்குகிறாள்.

அறிவிப்புப் பலகையில் அவள் எண்ணுக்கு நேராக ஒரு சிவப்புப் புள்ளி வந்தது. பிறகு இன்னொன்று. என் எண்ணுக்கு நேராக எதுவும் இல்லை. மூன்றாவது புள்ளிக்காக நான் காத்திருந்தேன் என்பதே சரி. அது விழுந்தபோது தலைமை நடுவர் நடுத்திடலிலிருந்து வேகமாக வந்து அவளுக்கு எதிரில் பலகையை நீட்டினார். அவள் நிற்காமல் நாலு அடி போய், பிறகு நின்றாள். நான் அவளைத் தாண்டிப் போனேன்.

திண்டிவனத்துக்குத் திரும்பும் பேருந்தில் நானும் தோழியும் ஏறி உட்கார்ந்த பிறகு அவளும் அவள் அம்மாவும் ஏறினார்கள். திண்டிவனம் போய்த்தான் அவர்கள் மரக்காணம் வண்டி பிடிக்க வேண்டும். எங்களுக்கு நேர் பின் இருக்கைதான் காலியாக இருந்தது. விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டி நின்றதும் அம்மா ஆரம்பித்தார், யாரிடமும் இல்லாமல், பொதுவாக.

"தலையில மீன் கூடைய வெச்சிக்கினு நானும்தான் அம்மாந்தூரம் நடக்கறேன். ஒருத்தனும் எனக்குக் கார்டு காட்டலியே."

கண்டக்டர் சிரித்தார். மகள் சிரிக்கவில்லை. முன்னால் குனிந்து என் இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, ஒண்ணு கேட்டா மறைக்காம சொல்வீங்களா? ரேஸுக்கு முன்னாடி உங்க ஃப்ரெண்டு பெரிய ஜட்ஜுகிட்ட இன்னா பேசினாங்க?"

தோழி முந்திக்கொண்டாள். "கம்பிக்கு உள்ள வந்து நிக்கலாமான்னு கேட்டேன். கூடாதுன்னாரு. அவ்ளோதான்."

"அதுக்கா என்னப் பாத்துக் கையக் காட்டினீங்க?"

"டிராக்கக் காட்டினேம்மா. நீ அதுல நின்னுக்கினு இருந்தா நான் இன்னா பண்றது?"

"சரி. போன்ல இன்னா எட்த்தீங்க?"

"உன் காலத்தான்," என்றேன் நான். "அந்த வளைவுல நீ தூக்கறேன்னு நெனச்சேன்."

"தூக்கினேனா?"

"இன்னும் பாக்கல."

"அப்ப இப்ப பாக்கலாம்."

தோழி என்னைப் பார்த்தாள். "சார்ஜு கம்மியா..." என்று இழுத்தாள். காட்டு என்றேன். நேர்மையால் சொன்னதல்ல. அதில் என்ன இருக்கும் என்பதில் எனக்கு அவ்வளவு உறுதி. அம்மாவும் மகளும் பார்க்கட்டும், அதோடு இந்தப் பேச்சு முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

போனை இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில் பிடித்தோம். முதலில் அவள் வந்தாள். குதிகால் மெதுவாக இறங்கித் தரையைத் தொட்டது. அதற்குப் பிறகுதான் பின்காலின் விரல் தரையை விட்டது. அடுத்த அடியும் அப்படியே. தோழி எடுத்த எல்லாச் சுற்றிலும் அப்படியே. மேலே குதிரைவால் மட்டும் எழும்பி எழும்பி விழுந்துகொண்டிருந்தது.

"பாத்துக்கினியா? எம்பொண்ணு காலு தரையிலதான் கீது," என்றார் அம்மா.

அவளுக்குப் பின்னால் நான் வந்தேன். என் தலை குனிந்திருந்தது. கண் அவள் கால்மேல் இருந்தது. வளைவு தொடங்கும் இடத்தில் குனிந்த தலை, வளைவு தீரும்வரை நிமிரவில்லை. குனிந்ததும் அடி குறுகியது. வேகம் இறங்கியது வெளிப்படையாகத் தெரிந்தது.

"என் காலையே பாத்துக்கினு வர்றியேக்கா," என்றாள் அவள். "அதான் பின்னாடி போய்க்கினே இருந்திருக்க."

நான் பதில் சொல்வதற்குள் அடுத்தது வந்தது. வளைவு முடியும் இடம். விட்ட தூரத்தைப் பிடிக்க நான் அடியை நீட்டுகிறேன். என் ஷூவும் அதன் நிழலும் பிரிந்தன. இரண்டு காலும் மேலே இருந்தன. நடுவில் மண் தெரிந்தது. தோழி மூடுவதற்கு விரலைக் கொண்டுபோனாள். பின்னாலிருந்து ஒரு கை போனைப் பிடித்துக்கொண்டது.

"இருங்க, இருங்க. இன்னொரு தபா போடுங்க."

இன்னொரு தபா போட்டோம். "இன்னாமே இது, பொண்ணு பறக்குது," என்றார் அம்மா.

"கண்ணுக்குத் தெரியாத வரைக்கும் அது தப்பு இல்ல. ரூல் அதுதான்," என்றேன். குரல் எனக்கே நடுவரின் குரல் மாதிரி கேட்டது.

"தரையில இருந்த என் காலு மட்டும் அவங்க கண்ணுக்கு எப்பிடி மேல தெரிஞ்சுது?"

எனக்குப் பதில் தெரியும். கூட்டேரிப்பட்டு தாண்டும்வரை சொல்லவில்லை. பிறகு சொன்னேன்.

"முடி."

எப்படி என்று விளக்கினேன். அம்மா நம்பவில்லை. "முடிக்கா கார்டு குட்த்தாங்க? நல்லா கீதே கத." மகள் கேட்டது நான் எதிர்பார்த்த கேள்வி இல்லை.

"இது உனக்கு எப்பத்துலேர்ந்து தெரியும்?"

"முதல் வருஷத்துலேர்ந்து."

"போன வருஷமே எங்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"போன வருஷம் நீதான ஜெயிச்ச."

"அப்ப இன்னிக்குக் காலையில?"

நான் போனை வாங்கித் திரையை அணைத்தேன்.

"நீ முடிங்கற. ஜட்ஜுகிட்ட சொல்லிக்குடுத்துக் கார்டு வாங்கி வுட்டியா, முடியாலயே வந்துச்சா, எனக்கு எப்பிடித் தெரியும்? அந்த வீடியோவ எனக்கு அனுப்பு," என்றாள்.

"எதுக்கு?" என்றாள் தோழி.

"என் காலு அதுல கீது. அதுக்குத்தான்."

என் காலும் இருந்தது. தோழி மறுக்கச் சொல்லிக் கண்ணைக் காட்டினாள். அனுப்பச் சொன்னேன். திண்டிவனத்தில் இறங்கியதும் அம்மாவும் மகளும் திரும்பிப் பார்க்காமல் மரக்காணம் பேருந்து நிற்கும் பக்கம் போனார்கள். "உனக்கு இந்தப் பேஜாரு தேவையா?" என்று தோழி வீட்டுத் தெருவரை கேட்டுக்கொண்டே வந்தாள்.

அன்றிரவு என்னென்ன செய்ய முடியும் என்று யோசித்தேன். முறையீட்டுக்கான நேரம் நாங்கள் பேருந்தில் ஏறும் முன்பே முடிந்துவிட்டது. முடியாவிட்டாலும் வீடியோ செல்லாது. நான் விலகினால் அந்த இடம் அவளுக்குப் போகாது, வெளியேற்றப்பட்டவளுக்கு எதுவும் போகாது. இரண்டாவதாக வந்த வேறொரு மாவட்டத்துப் பெண்ணுக்குத்தான் போகும். அந்தப் பெண்ணின் காலை யாரும் படம் எடுக்கவில்லை. தவிர, என்னிடம் இருப்பது ஒரே ஒரு வளைவின் படம். நடுவர்கள் நின்ற மற்ற இடங்களில் கடலோரப் பெண்ணின் கால் என்ன செய்தது என்று எனக்குத் தெரியாது. சிவப்பு எழுதிய மூவரும் அங்கேதான் நின்றார்கள். முடிதான் காரணம் என்பதும் என் கணிப்பே தவிர அளவீடு இல்லை. இதை எழுதும்போதும் அந்தச் சந்தேகத்தில் ஒரு பங்கு எனக்கு மிச்சம் இருக்கிறது. அதை நான் எனக்கு வசதியாக வைத்திருக்கிறேனா என்பது இரண்டாவது சந்தேகம்.

இரண்டு நாள் கழித்து அவளிடமிருந்து குரல்பதிவு வந்தது. பின்னால் காற்றும் யாரோ வலையைப் பற்றிப் பேசுவதும் கேட்டன. "அக்கா, ஸ்டேட்டுக்கு நானும் வர்றேன். பாக்கறதுக்கு. நல்ல எடமா பாத்து நின்னுக்கினு எடுப்பேன். தல குனியாம நட."

வாழ்த்தா மிரட்டலா என்று தோழியும் நானும் பலமுறை கேட்டுப்பார்த்தோம். முடிவுக்கு வர முடியவில்லை.

இப்போதைய நிலை இது. மாநிலப் போட்டி வரும் வாரக் கடைசியில் நடக்கிறது. முடிவுத் தாளில் நான் முதலிடம். அவள் தகுதி நீக்கம். வீடியோவின் ஒரு நகல் எங்களிடமும் ஒன்று அவளிடமும் இருக்கிறது. அவள் அதை வேறு யாருக்காவது காட்டினாளா என்று தெரியவில்லை, நான் கேட்கவும் இல்லை. என் கால் வேகம் கூடும்போது இன்னும் தரையை விட்டு எழுகிறது. நான் போகிறேன்.