சாம்பல் நனையக் கூடாதென்று ஜெபித்தேன்

தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனதே, அதற்கு முந்தின வருஷம். என் சித்தப்பா மகன் அங்கே ரயிலில் வேலை பார்த்தான். அவன் கதை பெரிய கதை, இருக்கட்டும். அந்த வருஷம் எங்கள் பக்கம் மழையே இல்லை. ஆனைக்குட்டம் கண்மாய் வெடித்துக் கிடந்தது. ஆராதனைதோறும் மழைக்காக ஜெபம்.

அப்படிச் சபையே முழங்காலில் நின்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருத்தங்கலில் என் தீப்பெட்டி ஆபீஸ் எரிந்தது. ஆபீஸ் என்றால் ஓலைக் கொட்டகைதான். உள்ளே மருந்தில் முக்கி எடுத்த குச்சிகள் கட்டைகளில் காய்ந்துகொண்டிருந்தன. குச்சிகளை அடுக்கி இறுக்கும் மரச்சட்டத்தைக் கட்டை என்போம். இரு பக்கமும் இரும்புக் கம்பி இருக்கும். எப்படித் தீப்பிடித்தது என்று இன்றுவரை தெரியாது. உள்ளே ஒருவரும் இல்லை. ஸ்தோத்திரம் என்றேன். அதுவே வினையானது. ஆளில்லாத நாள் பார்த்துக் கொளுத்திவிட்டான் என்று ஊர் பேசியது.

விருதுநகர் இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போய் விபரம் சொன்னேன்.

"எப்பம் இன்சூரன்ஸ் போட்டீரு?" என்றார் அங்கிருந்தவர்.

"போன மாசந்தான்யா."

"பரவாயில்லையே! தீ உம்மகிட்டச் சொல்லிட்டுல்லா வந்திருக்கு." பக்கத்து மேஜைக்காரரும் சிரித்தார். "சேதம் பாக்க மதுரையில இருந்து சர்வேயர் வருவாரு. அதுவரைக்கும் சாம்பல்ல கை வைக்கப்படாது, பாத்துக்கிடும்."

பிரசவத்துக்குச் சாத்தூர் போயிருந்த என் மனைவி ரத்தினம், பிள்ளையோடு திரும்பி வந்தாள். எனக்குச் சோறு வைத்துவிட்டுக் கேட்டாள்:

"மறைக்காமச் சொல்லுங்க. சரக்கை வெளிய ஏத்திட்டுத்தான் தீ வச்சீகளா?"

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். ஊர் பேசியதை விட அதுதான் என்னைக் கொன்றது.

மேகம் கூடியது. சபை மழை கேட்டது, நான் மட்டும் வாய்க்குள், "ஆண்டவரே, மழை வேண்டாம். சரக்கு உள்ளேதான் எரிந்தது என்பதற்கு அந்தச் சாம்பலை விட்டால் எனக்குச் சாட்சி இல்லை" என்று அழுதேன்.

கொட்டித் தீர்த்தது. சனம் தெருவில் இறங்கி நனைந்தது. கர்த்தரும் கைவிட்டார் என்று நான் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன்.

மழை விட்டதும் சர்வேயர் வந்தார். போய்ப் பார்த்தால் சாம்பல் இல்லை. அது கிடந்த இடத்தில், வெந்த மண்ணில் பதிந்து, கட்டைக் கம்பிகள் வரிசை வரிசையாகக் கிடந்தன. அடுக்கினது அடுக்கினபடி.

"யாருவே இதை அடுக்குனது?"

"நான் தொடலைய்யா. மழை கழுவிவிட்டிருக்கு."

குடை நுனியால் ஒன்றை நெம்பிப் பார்த்தார். வரவில்லை. "சரக்கை வெளியேத்துனவன் இம்புட்டுக் கட்டையையும் விட்டுட்டாப் போவான்?" என்றார். எட்டி நின்று பார்த்த ரத்தினம், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நானே சாம்பலைக் கிளறிக் காட்டியிருந்தால் நம்பியிருப்பார்களா? வேண்டாமென்ற மழைதான் எனக்காகப் பேசியது.

கம்பெனி கொஞ்சம் கொடுத்தது. ஆபீஸ் மறுபடி எழும்பவில்லை; கடைசிவரை கூலி வேலைதான். ரத்தினம் போன வருஷம் கர்த்தருக்குள் நித்திரையடைந்தாள். அந்தக் கேள்வியை அவள் மறுபடி கேட்கவே இல்லை. எனக்கு அது போதும்.

செய்யாத பழியோடு சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறவர் உங்கள் தெருவிலும் இருப்பார். கேட்டதற்கு மாறாக நடந்தாலும் கர்த்தரை நம்பி இருக்கச் சொல்லுங்கள். இந்தக் கிழவனின் மழையைப் பற்றியும் சொல்லுங்கள்.